ப்ளூ ரிட்ஜ் சாலையில் இரண்டு பழைய வண்டிகள்

அமெரிக்காவின் சார்லட் நகரில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு 9 மணி. மறுநாள் விடிகாலையில் கிளம்ப வேண்டும். வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனால், அது கார் ஷெட்டுக்குள் சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் இல்லாமல் நின்றது. சக்கரம் தரையில் விரித்த பழைய போர்வைமேல் கிடந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நடுவிலிருந்த பற்களைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா? இங்க வந்து உக்காருங்க, ஒண்ணு காட்டறேன்.”

கூடப்பிறந்த அண்ணன் இல்லை. என் நண்பனுக்கு மூத்தவர், அதனால் எனக்கும் அண்ணன். ஊர் கரூர். அப்பா அங்கே பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அண்ணன் கம்ப்யூட்டர் வேலைக்காக வட கரோலினாவுக்கு வந்து 24 வருஷம் ஆகிறது. பட்டறைக் கை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

இந்த வண்டிக்குச் செயின் கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னால் வந்து பல்சக்கரப் பெட்டி வழியாகச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தப் பெட்டியும் சக்கரமும் கோத்துக்கொள்ளும் இடம்தான் அவர் துடைத்துக்கொண்டிருந்த பற்கள். பட்டறையில் ஸ்பிளைன் என்பார்கள். டயர் மாற்றும்போதெல்லாம் பழைய கிரீஸைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மாலிப்டினம் டைசல்ஃபைடு நிறைந்த கெட்டிப் பசையை அங்கே பூச வேண்டும். சாதாரண கிரீஸ் அந்த இடத்தில் தாக்குப்பிடிக்காது.

“தொட்டுப் பாருங்க. முனை மழுங்காம, சதுரமா இருக்குதா? 2011-ல ஒரு கடையில டயர் மாத்தக் குடுத்தேன். பசை பூசாமயே மாட்டி அனுப்பிட்டாங்க. அடுத்த டயர் மாத்தறப்போ கழட்டிப் பாத்தா பல்லெல்லாம் கத்தியாட்டம் ஆகிப்போச்சு. அந்தப் பாகத்தையே மாத்த வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் சக்கரத்தை நானேதான் கழட்டறேன், நானேதான் மாட்டறேன்.”

பசையை ஒரு பழைய டூத்பிரஷ்ஷில் எடுத்தார். பென்சில் கரியை எண்ணெயில் குழைத்தது போன்ற நிறம். ஒவ்வொரு பல்லின் இரண்டு பக்கமும், இடுக்கிலும் மெல்லிசாகப் பூசினார். அவசரமே இல்லை. பிறகு இரண்டு பேருமாகச் சக்கரத்தைத் தூக்கி உள்ளே தள்ளி, பற்கள் கோக்கும் வரை மெதுவாகத் திருப்பினோம். ‘டொக்’ என்று உட்கார்ந்த சத்தம் கேட்டதும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து அட்டை பிய்ந்த நோட்டு ஒன்றை எடுத்து எழுதினார்: தேதி, புது டயர், பசை, 1,38,214 மைல்.

வண்டி 1999-ஆம் ஆண்டு ஹோண்டா எஸ்.டி. 1100 மோட்டார் சைக்கிள். ஐரோப்பாவில் இதற்கு ‘பான் யூரோப்பியன்’ என்று பெயர். ஹோண்டாவின் ஜெர்மனிக் கிளை முன்னின்று கேட்டு வாங்கிய வண்டி இது. நாள் முழுக்க ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேகமாகப் போக வேண்டும், பின்னால் ஒருத்தர் சௌகரியமாக உட்கார வேண்டும், பெட்டிகள் வண்டியோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1990-இல் வெளிவந்து 2002 வரை பெரிய மாற்றம் ஏதுமில்லாமல் ஓடியது. 1,084 சிசி, நான்கு சிலிண்டர் வி4 எஞ்சின், 28 லிட்டர் டேங்க். அந்த டேங்க் சீட்டுக்கு அடியில் தாழ்வாக இருப்பதால் 300 கிலோவுக்கு மேலான வண்டி ஓடத் தொடங்கியதும் தன் எடையை மறந்துவிடுகிறது. பிரிட்டன் போலீஸார் வருஷக்கணக்கில் இதில் ரோந்து போனார்கள். அண்ணன் 2006-இல் 41,000 மைல் ஓடிய நிலையில் இதை வாங்கியிருக்கிறார்.

எனக்குக் கொடுத்தது அவருடைய இன்னொரு வண்டி, 2002-ஆம் ஆண்டு கவாசாகி கான்கோர்ஸ். 1986 முதல் 2006 வரை இருபது வருஷம் ஏறக்குறைய ஒரே வடிவில் வந்த வண்டி. இதற்கும் ஷாஃப்ட்தான், கார்புரேட்டர்தான், பெரிய டேங்க்தான். அடுப்பு எரிகிற மாதிரி சீரான உறுமல்.

2023 அக்டோபர் முதல் வாரம் அது. காலையில் நல்ல குளிர். சோக்கை இழுத்து, எஞ்சின் தன் பாட்டுக்கு நிதானமாக ஓடும்வரை நின்று, மெல்ல மெல்ல சோக்கை உள்ளே தள்ளிக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் வடக்கே 100 மைல் போனால் வர்ஜீனியா எல்லையைத் தாண்டி ஃபேன்சி கேப். மலை ஏறி முடிந்த இடத்தில் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே குறுக்கே போகிறது. மைல்கல் 199. இங்கிருந்து தெற்கே, சாலை முடியும் 469-ஆம் மைல் வரை போவதுதான் எங்கள் திட்டம்.

இந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலை முகட்டிலேயே 469 மைல் ஓடும் சாலை. லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, சிக்னல் கிடையாது, பெட்ரோல் பங்க்கும் கிடையாது. வேகம் அதிகபட்சம் மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1935-இல் தொடங்கி, கடைசித் துண்டு 1987-இல்தான் முடிந்தது. முதல் மண்வெட்டு விழுந்த கம்பர்லாண்ட் நாப் 217-ஆம் மைலில் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி, அண்ணி கட்டிக்கொடுத்த புளிசாதத்தைப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

முதல் நாளிலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த வகை வண்டி வேகத்துக்காக வாங்குகிற வண்டி இல்லை. பந்தய வண்டி மாதிரிக் குனிந்து மணிக்கட்டில் பாரம் போட வேண்டியதில்லை, பெரிய குரூயிசர் மாதிரிக் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரவும் வேண்டியதில்லை. முதுகு லேசாக முன்னால் சாய்கிறது, முழங்கால் டேங்கைப் பிடித்துக்கொள்கிறது, முன்பக்க உறையான ஃபேரிங் காற்றை நெஞ்சுக்கு மேலாக அனுப்பிவிடுகிறது. வளைவில் சாய்த்தால் மறுக்காமல் சாய்கிறது. ஆறு மணி நேரம் ஓட்டி இறங்கியும் எனக்கு இடுப்பு வலிக்கவில்லை. எரிபொருளுக்காக எங்கும் மலை இறங்க வேண்டியும் வரவில்லை. வழியில் புத்தம்புது வண்டிகளில் வந்த இரண்டு பேர் பெட்ரோல் தேடிப் பள்ளத்துக்கு இறங்கிப் போனதைப் பார்த்தேன். 28 லிட்டரின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

அன்றிரவு ப்ளோயிங் ராக் என்ற சின்ன ஊரில் தங்கினோம். மறுநாள் காலை 304-ஆம் மைலில் லின் கோவ் பாலம். கிராண்ட்ஃபாதர் மலையின் நெற்றியைச் சுற்றி, பாறைகளுக்கு மேலே காற்றில் நீந்துவது போல வளைந்து போகிறது. நீளம் 1,243 அடி. பழமையான அந்த மலைச்சரிவைக் குடைந்து கெடுக்கக் கூடாது என்று பல வருஷம் வழக்காடினார்கள். கடைசியில் 153 கான்கிரீட் துண்டுகளை வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்து, கட்டி முடித்த பாலத்தின் மேலேயே நின்று அடுத்த துண்டைக் கோத்துக்கோத்துக் கட்டினார்கள். கீழே சரிவு அப்படியே இருக்கிறது. மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. அண்ணன் முன்னால் போக, அவருடைய பின்விளக்கு வளைவுக்குள் மறைந்து மறுபடி தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இத்தனை தூரம் வரலாம்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் இந்த மலைகளில் கொட்டித் தீர்த்தது. நாங்கள் போன சாலை பல இடங்களில் சரிந்து, மூடிக் கிடந்து, பகுதி பகுதியாகத்தான் திறந்தது. அண்ணன் போனில் சொன்னபோது, வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனது போல இருந்தது அவர் குரல்.

அந்த இரண்டாம் நாளில், லின் கோவைத் தாண்டி 334-ஆம் மைலில் லிட்டில் சுவிட்சர்லாந்து. பைக் ஓட்டுகிறவர்கள் கூடும் ஊர். ஹோட்டல் முற்றத்தில் முப்பது வண்டிகளாவது நின்றன. கான்கோர்ஸை அண்ணனின் எஸ்.டி.க்குப் பக்கத்தில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஆள் வந்துவிட்டது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் என்னைப் பார்க்கவேயில்லை, நேராகக் குனிந்து எஸ்.டி.யின் பின்சக்கரத்தைப் பார்த்தார். புதுப் பசை ஓரத்தில் லேசாகக் கசிந்திருந்தது. “நல்லது” என்று ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை சொன்னார். அவருடையது 1992-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. கே75. மூன்று சிலிண்டர் எஞ்சின் பக்கவாட்டில் படுத்திருக்கும் வண்டி. சதுரமாக இருப்பதால் அந்தக் குடும்பத்து வண்டிகளைப் ‘பறக்கும் செங்கல்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். அதிலும் ஸ்பிளைனுக்குக் காலாகாலத்தில் பசை பூசியாக வேண்டும். அவரும் அண்ணனும் அரை மணி நேரம் பேசினார்கள். பேர், ஊர், வேலை எதுவும் பேச்சில் வரவில்லை. எந்தப் பசை, எத்தனை மைலுக்கு ஒருதரம், பிரஷ்ஷா விரலா என்பதுதான் பேச்சு.

பக்கத்து மேஜையில் ஒரு பெண்மணி, அறுபது வயதிருக்கும். சிவப்பு நிற ஹோண்டா வி.எஃப்.ஆர். 800, 2000-ஆம் ஆண்டு வண்டி. 1998 முதல் 2001 வரை வந்த வண்டிகளில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைச் செயின் சுழற்றுவதில்லை, பல்சக்கர வரிசை சுழற்றுகிறது. அதனால் எஞ்சினிலிருந்து மெல்லிய விசில் போல ஓர் ஊளை வரும். அடுத்து வந்த மாடலில் செயினுக்கு மாறிவிட்டார்கள், அந்தச் சத்தம் போய்விட்டது. இந்த அம்மையார் வண்டியை மாற்றாததற்கு அது ஒன்றே காரணம். “எத்தனை ஆயிரம் சுற்றில் ஓடுகிறது என்று மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும்” என்றார். எஞ்சினை ஓட விட்டு என்னைக் குனிந்து கேட்கச் சொன்னார். கேட்டேன். தையல் மிஷினும் விசிலும் சேர்ந்த ஒரு சத்தம். இருபது வருஷம் அந்தச் சத்தத்தோடு மலை ஏறி இறங்கிய காதுக்கு வேறு வண்டி ஊமையாகத்தான் இருக்கும்.

இவர்களைப் பார்த்து, பழசின்மேல் பாசம், இளமை நினைவு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நானும் வருவதற்கு முன்னால் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அண்ணன் ஓட்டுவது மின்சாரக் கார். போனை மூன்று வருஷத்துக்கு ஒருதரம் மாற்றுகிறார். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு. பழசைப் பிடித்துத் தொங்குகிற மனிதர் அல்ல அவர். இந்த வண்டி விஷயத்தில் மட்டும் அவருக்கு மாற்றத் தேவைப்படவில்லை, காரணம் அவருக்கு வேண்டியதை இது செய்துகொண்டிருக்கிறது. செய்யாமல் போனால் ஏன் செய்யவில்லை என்று கண்டுபிடிக்க அவர் கைக்குத் தெரியும். என் பார்வையில் விசுவாசத்தின் வேர் இரண்டாவது காரணத்தில்தான் இருக்கிறது. வால்வு இடைவெளி பார்ப்பது, நான்கு கார்புரேட்டரையும் ஒரே சீராக இழுக்க வைப்பது, டைமிங் பெல்ட் மாற்றுவது எல்லாம் அந்தக் கார் ஷெட்டில் நடந்திருக்கின்றன. பதினேழு வருஷம் சேர்த்த அந்த அறிவு இந்த ஒரு வண்டியில்தான் செல்லும். வண்டியை விற்றால் அதையும் சேர்த்து விற்றதாகும், அதற்கு யாரும் விலை கொடுக்கப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. மாற்ற நினைத்தாலும் எதற்கு மாற்றுவது? எஸ்.டி. 1100-க்குப் பின்னால் 1300 வந்தது, அதையும் அமெரிக்காவில் சுமார் பத்து வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். கான்கோர்ஸ் 1,352 சிசிக்கு வளர்ந்து வேறொரு பெரிய வண்டியாகிவிட்டது. சந்தை இப்போது உயரமான அட்வென்சர் வண்டிகள் பக்கம் போய்விட்டது. நல்ல வண்டிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறுபதைத் தொட்ட, ஐந்தடி ஆறங்குல உயரமுள்ள ஒருவர் சிக்னலில் இரண்டு காலையும் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று ஆசைப்பட்டால் அந்தச் சீட்டுகள் இடம் கொடுப்பதில்லை.

விலை இல்லாமல் இது நடப்பதும் இல்லை. பாகங்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனியில் கிடைக்காமல் போகின்றன. ஃபேரிங்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காதுகள் வெயிலிலும் வயதிலும் உடைகின்றன. எஞ்சினின் வி வடிவ இடுக்குக்குள், கார்புரேட்டருக்கு அடியில் ஒளிந்திருக்கும் தண்ணீர்க் குழாய்கள் கெட்டித்துப்போனால் அதை மாற்ற ஒரு முழு வார இறுதி போய்விடும். அண்ணன் உதிரிக்கென்றே விபத்தில் அடிபட்ட இன்னொரு எஸ்.டி.யை வாங்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். பிரேக்கைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவருடைய வண்டியில் ஏ.பி.எஸ். இல்லை. மழை ஈரத்தில் இன்றைய வண்டி காப்பாற்றும் இடத்தில் இது காப்பாற்றாமல் போகலாம். அவருக்கும் அது தெரியும். அதனால் மழை வந்தால் நிறுத்திவிடுகிறார். அவ்வளவுதான் அவர் செய்துகொண்ட ஏற்பாடு, என்னால் அதில் முழுதாகச் சமாதானமாக முடியவில்லை.

அன்று மதியம் மிட்செல் மலை. 6,684 அடி, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதைவிட உயரம் இல்லை. தொட்டபெட்டாவைப் பார்த்த கோயம்புத்தூர்க்காரனுக்கு உயரம் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் கான்கோர்ஸுக்குத் தெரிந்தது. காற்று மெலிந்ததும் கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாகி, ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம் சோம்பலாகப் பதில் சொன்னது. கம்ப்யூட்டர் வைத்த வண்டி இதைத் தானே சரிசெய்துகொண்டு நம்மிடம் சொல்லாமலேயே இருந்துவிடும். இங்கே மலை ஏறியது கைக்குத் தெரிகிறது.

மூன்றாம் நாள் ஆஷ்வில்லிலிருந்து கிளம்பும்போது அண்ணன் சாவியை நீட்டினார். “இன்னிக்கு நீங்க இதை ஓட்டுங்க தம்பி.”

“வேண்டாங்ணா. உங்க வண்டி.”

“அதனாலதான் சொல்றேன்.”

எஸ்.டி. வேறு மாதிரி வண்டி. தாழ்வான எடை, அவசரமில்லாத இழுப்பு, சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது வி4-இன் ஆழமான முனகல். பிஸ்கா மலையைத் தாண்டி மேலே மேலே ஏறி, பார்க்வேயின் மிக உயர்ந்த இடமான ரிச்லாண்ட் பால்சமுக்கு வந்தோம். 431-ஆம் மைல், 6,053 அடி. பலகையின் பக்கத்தில் படம் எடுக்க எல்லாரும் நிற்கிற இடம். நானும் மெதுவாகத் திருப்பினேன். கைப்பிடி முழுக்கத் திரும்பியிருந்தபோது முன்பிரேக்கைப் பிடித்துவிட்டேன். தார்மேல் பொடிச்சரளை. 300 கிலோ ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினால் மனிதக் கால் அதைத் தாங்காது. வண்டி படுத்தது. நான் ஒதுங்கி நின்றேன்.

அண்ணன் ஓடிவந்து முதலில் என் காலைப் பிடித்துப் பார்த்தார். முட்டி, கணுக்கால், பாதம். “வலிக்குதா? அமுக்கினா வலிக்குதா?” இல்லை என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் வண்டிப் பக்கம் திரும்பினார். வண்டி முழுதாகத் தரையில் படுத்திருக்கவில்லை, இறக்கை மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும் பக்கத் தாங்கியின்மேல் சரிந்து நின்றிருந்தது. இந்த வண்டியை வரைந்தவர்கள் அது ஒருநாள் விழும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த பாகம் அது. ஃபேரிங்கில் கீறல் இல்லை, கண்ணாடி உடையவில்லை. முதுகை சீட்டில் கொடுத்து, கைப்பிடியை முழுக்கத் திருப்பி, காலால் உந்திப் பின்பக்கமாக நடந்து அவர் வண்டியை நிமிர்த்தினார். பாரமே தெரியாத மாதிரி.

தாங்கியில் புதுக் கீறல் வெள்ளையாக இருந்தது. அதன் பக்கத்தில் நாலைந்து பழைய கீறல்கள் மங்கிக் கிடந்தன. எனக்குத் தொண்டை அடைத்தது, என்னால் அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் ஒரு பழைய கீறலைக் கட்டைவிரலால் தடவினார். “இது பையன் விழுந்தது, லைசென்ஸ் எடுத்த வருசம். இது நானே, பெட்ரோல் பங்க்ல. இது உங்க அண்ணி, ஷெட்டுக்குள்ள நகத்தறப்போ. ஓட்டுங்க தம்பி, வண்டி சூடு ஆறதுக்குள்ள.”

வழியில் மேகி வேலி என்ற ஊரில் ‘வீல்ஸ் த்ரூ டைம்’ என்ற மியூசியம். நூற்றாண்டு பழைய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. மற்ற மியூசியங்கள்போலக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்காமல் உதைத்து ஸ்டார்ட் செய்து காட்டுகிறார்கள். உள்ளே பெட்ரோல் புகை வாசம். அண்ணன் அங்கே இரண்டு மணி நேரம் ஒவ்வொரு எஞ்சினுக்கும் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். எனக்கு மனசு இன்னும் அந்தச் சரளையில்தான் இருந்தது.

மாலை 5 மணிக்கு 469-ஆம் மைல். பார்க்வே ஒரு சின்னப் பாலத்தருகே, ஓகோனலஃப்டி ஆற்றங்கரையில் முடிந்துவிடுகிறது. அப்பால் செரோகிப் பழங்குடி மக்களின் செரோகி ஊர். தெருப் பலகைகளில் ஆங்கிலத்தோடு செரோகி எழுத்தும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் செக்வோயா என்ற மனிதர் தன் மக்களுக்காகத் தனியாகவே உருவாக்கிய எழுத்து. பெட்ரோல் பங்க்கில் இரண்டு டேங்கையும் நிரப்பினோம். அண்ணன் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து, மீட்டரைப் பார்த்து மைலையும் கேலனையும் எழுதினார். பிறகு பின்பக்கத்திலிருந்து ஒரு தாளைத் திருப்பினார். அங்கே தனிப் பட்டியல் இருந்தது. ஆறேழு வரிகள், வெவ்வேறு கையெழுத்துகள். ஒன்று குழந்தைத்தனமான பெரிய எழுத்து. ஒன்று தமிழில், அண்ணியுடையதாக இருக்க வேண்டும்.

பேனாவை என்னிடம் நீட்டினார். எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டேன். “உங்க இஷ்டம்” என்றார். நான் எழுதினேன்: 431-ஆம் மைல். சரளை. வண்டிக்கு இடப்பக்கம் ஒரு கீறல். ஓட்டியவருக்கு ஒன்றுமில்லை.

அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, கடைசியில் மைலை மட்டும் சேர்த்து எழுதினார். அடுத்த டயர் எப்போது என்று கணக்குப் போட அது வேண்டுமாம்.